வளைவில் மூன்று மீட்டர்

22-11-99, திங்கள்

மழை. துணி எதுவும் காயவில்லை. மிளகுக் கொடிக்கு முட்டுக் கொடுக்கும் வேலை மறுபடி தள்ளிப்போயிற்று.

நேற்று மாலை வாழவந்தி நாட்டு மலைப்பாதையில் டெம்போ கவிழ்ந்துவிட்டது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பாரம். ஓட்டிய மாதேசு அங்கேயே உயிரை விட்டுவிட்டான். என்னிடம் படித்தவன். பின்னம் ஏறாது; கிழங்கை வெட்டிக் காட்டினால் உடனே ஏறும். இரண்டு பெண் குழந்தைகள்.

புதிதாக அகலப்படுத்திய வளைவு. இரும்புத் தடுப்பு வளைவு முழுவதும் எட்டவில்லை. கடைசியில் மூன்று மீட்டர் வெறுமை. வண்டி விழுந்த அந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தார்களாம். கயிறு!

மத்தியானம் மகள் கோகிலா நாமக்கல்லிலிருந்து வந்தாள். லீவு இல்லாத நாள். என்ன கண்ணு என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். அந்த வளைவுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டது அவள்தான். தீபாவளிக்கு வந்தபோது சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். இன்று சாப்பிடவில்லை.

23-11-99, செவ்வாய்

தூறல். அரிசி, சீயக்காய், டார்ச் செல் வாங்கினேன்.

தடுப்பை வெட்டிப் பொருத்திய வெல்டர் பொன்னுசாமியை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். பைப்பில் மூன்று மீட்டரை வெட்டி விற்றுவிட்டான் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. ஒருவர், "புது சைக்கிள்ல வந்தப்பவே நெனச்சேனுங்க" என்றார். சைக்கிள் வாங்கிப் பல வருஷம் என்றேன். "வாத்தியாரு எல்லாத்துக்கும் மார்க்குப் போட்டுருவாரு" என்று சிரிப்பு.

மாலையில் கோ. தானாக வாய் திறந்தாள். எனக்குப் புரிந்தவரை:

கம்ப்யூட்டரில் இரண்டு முனைகளைத் தொட்டால் நடுவில் உள்ள நேர் தூரத்தை அளந்து தானே எண் போடும். வளைவின் மேலே ஓடும் நீளத்துக்கு அப்படி எண் போட அவர்கள் ஆபீசில் இருப்பதில் வசதி இல்லை. வளையலுக்குக் குறுக்கே குச்சி வைத்து அளப்பது ஒன்று, சுற்றி நூல் பிடித்து அளப்பது வேறொன்று. இதற்குக் குச்சிதான் தெரியும். நூல் நீளம் வேண்டுமானால் வளைவின் விவரத்தைத் திறந்து பார்த்து, தானாக வந்த எண்ணை எடுத்துவிட்டு, கையால் அடிக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தானாம்.

அரைவட்டம். ஆரம் 10 மீட்டர். தடுப்பின் நீளம் 31.4 என்று அடித்தாள். சரி.

பஸ் திரும்ப இடம் போதாது என்று இன்ஜினியர் ஆரத்தை 11 ஆக்கச் சொன்னார். வளைவை இழுத்துப் பெரிதாக்கினாள். குறுக்களவு 20 தானே 22 ஆயிற்று. கையால் அடித்த 31.4 மட்டும் அப்படியே நின்றது. 34.6 என்று மாறியிருக்க வேண்டும். சுவரில் குழந்தையின் உயரத்துக்குக் கோடு போடுகிறோம். குழந்தை வளரும், கோடு வளருமா?

22-ம் 31.4-ம் ஒரே தாளில், அருகருகே. அவளும் பார்த்தாள். இன்ஜினியரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லையே என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

24-11-99, புதன்

பொன்னுசாமி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "சீட்டுல இருந்த அளவுக்குத்தான் வெட்டுனாருங்க வாத்தியாரே. பத்தலைன்னு அன்னைக்கே போய்ச் சொன்னாருங்க. அடுத்த வாரம் பாக்கலாம், இப்பக் கயித்தக் கட்டுன்னுட்டாங்க." பள்ளிக்கூடத்தில் மகனைப் பைப்புத் திருடன் மகன் என்கிறார்களாம். இனிப் போக மாட்டேன் என்கிறானாம்.

தாளைக் காட்டினால் தெரிந்துவிடுமே என்று நினைத்தபடி வந்தேன். கோ. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சீட்டு இப்ப இல்லப்பா. ஆபீசுல எல்லாத்தையும் வாங்கிக் கிழிச்சுட்டாங்க. 34.6ன்னு மாத்தி, பழைய தேதியப் போட்டு, திங்கக்கெழம காலைல நாந்தான் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன்."

அதைப் பார்த்துத்தான் பொன்னுசாமியைப் பிடித்திருக்கிறார்கள்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அப்படியானால் இவள் பேர் எங்கும் இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஏற்கெனவே குடித்திருந்தது.

25-11-99, வியாழன்

மாதேசு வீட்டுக்குப் போய் வந்தேன். சின்னப் பெண் என் குடைக்குள் வந்து நின்றுகொண்டது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

மழை, மழை.

26-11-99, வெள்ளி

எங்கள் குண்டனி நாட்டுக்கு வரும் காலை பஸ் தாமதம். கோ. எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். செம்மேடு ஸ்டேஷனுக்கு என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னாள். 31.4, 22, கிழித்தது, தேதி மாற்றியது. அதிகாரிக்கு முதலில் விளங்கவில்லை. காகிதம் கேட்டு வாங்கி அரைவட்டம் போட்டுக் காட்டினாள். வட்டம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் அவர் பேனாவை எடுத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

பொன்னுசாமி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நான் வெட்டுனது செரிதானா கண்ணு?"

"செரிங்க மாமா. நான் போட்டதுதான் தப்பு."

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் எடுக்கவில்லை.

அவனைப் போகச் சொன்னார்கள். இவளை இருக்கச் சொன்னார்கள். மாலைக்குள் நாமக்கல்லுக்குக் கூட்டிப் போவார்களாம். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்; அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும். சுடிதார் இரண்டு, சீப்பு, சோப்பு, போர்வை. அவளுடைய ஸ்வெட்டர் இன்னும் ஈரம். என்னுடையதை வைக்கிறேன். பஸ் சத்தம்