பதினைந்து கிராம் ஆப்ப சோடா

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிலாஸ்பூர் ரயில்வே முகாமில் நான் சுகம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் எண்ணூறு மீட்டர் தேர்வோட்டத்துக்கு முன், நம் கோயில் பங்கைச் சேர்ந்த கோச் பென்னி, எடை பார்க்காமல் மூன்று கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிக்க வைத்தார். பாதி ஓட்டத்தில் வாந்தி எடுத்தேன். "இன்னாமா, ஆப்பக்கடை வூட்டுப் பொண்ணு, உனுக்கே சோடா ஒத்துக்கலியா?" என்று எல்லோர் முன்பும் சிரித்தார். அணியில் இடம் போனது.

இந்த வருடம் நானே படித்து, பயிற்சி நாட்களில் சோதித்துப் பார்த்தேன். என் ஐம்பது கிலோவுக்குப் பதினைந்து கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்து, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ரொட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். சோடா காலுக்கு வேகம் தராது. கடைசி இருநூறு மீட்டரில் தசை எரிவதைச் சற்றுத் தள்ளிப்போடும். அது போதுமாக இருந்தது. செவ்வாயன்று பென்னி பொறுக்கி எடுத்த பெண்ணை முந்தி அணியில் சேர்ந்துவிட்டேன்.

மீதிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன். "நிறுத்துக் குடுண்ணே, அடுத்த பொண்ணாவது வாந்தி எடுக்காம ஓடட்டும்" என்றேன்.

இட்லிப்பொடி அனுப்புங்கள். உங்கள் பழைய புடவை ஒன்றும் வையுங்கள், போர்த்திக்கொள்ள.

ஞாயிறு பூசை முடிந்ததும் பென்னியின் அம்மா கோயில் வாசலில் நிற்பார்கள். எல்லோர் காதிலும் விழும்படி அவர்களிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். வாந்தியிலிருந்து ஆரம்பியுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

மெர்லின்