சூசையின் ஞானத்தாய்

4 மார்ச் 1991, திங்கள்
தன் மகன் சூசையின் ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாய் என்று கேத்தரின் அக்கா பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். நோயாளியையா நிறுத்துவது என்று அவள் மாமியார் முணுமுணுத்தாராம். தன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தவள் அக்கா. அவளிடம் யார் வாதாடுவது?

10 மார்ச், ஞாயிறு
சூசைக்கு மூக்கொழுகல். வாசலோடு திரும்பியிருக்க வேண்டும். கையை நீட்டினான் — தூக்கிவிட்டேன். என் கழுத்திலேயே தும்மினான்.

14 மார்ச்
தொண்டை கரகரப்பு. சும்மா சளிதான்.

17 மார்ச்
சும்மா சளி இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது. டாக்டர் ரொஸ்னா விளக்கினார்: அக்காவின் சிறுநீரகத்தை என் உடம்பு தள்ளிவிடாமலிருக்க நான் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுகின்றன. மற்றவர்களுக்குக் கைக்குட்டையோடு போகிற வைரஸ், எனக்கு நுரையீரலில் இறங்கிவிட்டது. மாத்திரையைக் குறைத்தால் மூச்சு தேறலாம். சிறுநீரகம் கெட்டும் போகலாம். குறைக்கிறார்கள்.
போச்சுன்னா அக்கா முகத்த எப்படிப் பார்ப்பேன்?

19 மார்ச்
பயத்தை அக்காவிடமே சொல்லிவிட்டேன்.
"கொடுத்தாச்சு, இனி அது உன்னோடது. நீ ஒழுங்கா மூச்சு விடு, அது போதும்லா" என்றாள். பிறகு என் கஞ்சியில் உப்பில்லை என்று குறைசொல்லிக்கொண்டே முழுதையும் குடித்துவிட்டாள்.

25 மார்ச்
ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். இரத்தச் சோதனையில் சிறுநீரகத்துக்கு ஒரு கேடும் இல்லை! ஆர்தர் அத்தான் சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் சோறும் கறியும் வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். வார்டு முழுக்க மணத்தது. தாதியிடம் மாட்டிக்கொண்டார்.

7 ஏப்ரல்
வீட்டில். இன்று நடக்கவேண்டிய ஞானஸ்நானம் தள்ளிப்போனது. வேறு ஆளை நிறுத்தலாமே என்று மாமியார் கேட்க, "ஐரீன் தேறி வர்ற வரைக்கும் அவன் அஞ்ஞானியாவே இருக்கட்டும்" என்றாளாம் அக்கா. சாமியாரே சிரித்துவிட்டாராம்.

12 மே, ஞாயிறு
கோயிலில் முகமூடி கட்டிக்கொண்டு சூசையை ஏந்தி நின்றேன். என்ன கனம்! அவன் முகமூடியை இழுப்பதிலேயே குறியாக இருந்தான்.
அக்காவின் மாமியாரைக் காணவில்லை. கோபமோ என்று அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் பக்கவாசலைக் காட்டினார். புதுப் பட்டுச்சேலையோடு வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.
"அம்மாவுக்குக் காலையிலேர்ந்து சளி. உன் பக்கத்துல வரமாட்டாங்களாம்."
சாமியார் தண்ணீர் ஊற்றினார். வெளியே ஒரு தும்மல் கேட்டது.