உரசாத கார்

29.08.2004, ஞாயிறு

தங்கச்சி கல்யாணத்துக்கென்று, ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய என் காருக்கு அகலமான ரிம்மும் டயரும் போட்டிருந்தேன். கராஜில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. ஆள் ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்று தெரணியகலை கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், பொண்ணு மாப்பிள்ளையோடு அத்தையும் சின்னம்மாவும் ஏறிக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்து ரோட்டின் முதல் வளைவிலேயே பின் டயர் மட்கார்ட்டில் உரசி ரப்பர் வாடை வந்தது. அத்தையும் சின்னம்மாவும் இறங்கினார்கள். அடுத்த வளைவிலும் உரசியது.

“நாங்களும் நடந்துர்றோம் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. தங்கச்சி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு உரசவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவருடைய அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து காருக்குள் குனிந்து பார்த்தார்.

“பொண்ணு மாப்பிள்ளை எங்க தம்பி?”

“பின்னால நடந்து வர்றாங்க,” என்றேன்.