முன்வாசல் வழியாகத்தான் போனோம்

என் புடவையில் இன்னும் விறகுப்புகை வாசம் அடிக்கிறது. "குடுங்க அத்தை, மெஷின்ல போடுதேன்" என்று மருமகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொடுக்கவில்லை. உனக்கு எழுதி முடித்த பிறகு துவைக்கட்டும்.

உன் மகளையும் அவள் பிள்ளைகள் இருவரையும் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கூட்டிப்போய்விட்டு நேற்று மாலைதான் திரும்பினேன். ஆற்றை ஒட்டிய உங்கள் மாந்தோப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடாரம். அவள் கணவன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்தத் துக்கத்தைப் பார்க்க நீ உயிரோடு இல்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணவர் இறந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ரேடியோவை அணைத்துவிட்டார்கள். என் பிள்ளைகள் மூவரும் சத்தமில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். கான்வென்டில் உன்னோடு படித்தபோது கன்னியாஸ்திரிகளையே எதிர்த்துக் கேள்வி கேட்டவள், மாமியார் காட்டிய அறையில் வாய் திறக்காமல் கிடந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, தெரு நிறைய ஆட்கள் இருந்த நேரம், தார்ப்பாய் கட்டிய ஜீப்பில் வந்து இறங்கினாய். பின்பக்கச் சந்து வழியாகப் போய்விடலாம் என்று நான் கிசுகிசுத்தேன்.

"ஏட்டி, திருடிட்டா போறோம்? முன்வாசல் வழியா வா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய். வழிமறித்த என் மாமியாரிடம், "பிள்ளைகளை ஆத்துல குளிப்பாட்டி நாளைக்குக் கொண்டாந்து விடுதேன் அத்தை. உங்க மருமகளையும் சேர்த்துத்தான்" என்றாய். அவர் பதில் யோசிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

கரையில் நான் சோப்பு டப்பாக்களையும் துண்டுகளையும் பாறைமேல் வரிசையாக அடுக்கினேன். "இது ஹாஸ்டல் இல்லட்டி, ஆறு" என்று கேலி செய்தாய். அப்போதுதான் என் சின்னவன் காலிச் சோற்றுப்பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக சல்யூட் அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தானாகப் போய் வாயை மூடியது. நீ அந்தக் கையைப் பிடித்து இறக்கினாய்.

"மூடாத. அங்க பாரு."

மூன்று பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சிரிச்சாத்தான அதுக சிரிக்கும்?"

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இதைவிடக் கடுமையாகப் புத்தி சொன்னதில்லை.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மூத்த பேத்தி என் காதருகே வந்து, "ஆச்சி, இங்க சத்தமா பேசலாமா?" என்று கேட்டாள். உடனே வேனுக்குச் சொன்னேன். சனிக்கிழமை கிளம்பும் நேரத்தில் உன் மகளின் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.

"படிச்சவுக நீங்களே இப்படிச் செய்யலாமா? வருஷம் திரும்பல. ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்மா. பேசி முடிச்சதும் எனக்குச் சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, அவளைத் தாண்டி முன்வாசல் வழியாகவே பிள்ளைகளைக் கூட்டிப்போனேன்.

முதல் நாள் உன் மகள் தண்ணீரைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தோப்புக் குரங்குகளே ஓடிவிட்டன. நான் மட்டும் மாறவில்லை. பல் தேய்க்காதவருக்குத் தோசை கிடையாது என்று அங்கேயும் சொன்னேன்.

திரும்பும் வழியெல்லாம் நாத்தனாருக்கு ஒரு பதிலை வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டு வந்தேன். நினைத்தபடியே, உறவுக்காரப் பெண்கள் இருவரோடு அவள் வாசலில் காத்திருந்தாள்.

"தலையெல்லாம் ஈரமா இருக்கு? நீயுமா ஆத்துல இறங்குன?"

நான் தொண்டையைச் செருமினேன். உன் மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆமா மதினி, இறங்குனேன். பிள்ளைக கூப்பிட்டுச்சு. அடுத்த மாசமும் போவோம். நீங்களும் மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வாங்க."

"அத்தைக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் உன் பேரன். உன் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

என் பதிலில் ஒரு சொல்கூடச் செலவாகவில்லை. அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். வருஷம் திரும்பும்வரை பிள்ளைகளை வாய்பொத்தி உட்கார வைக்கும் வீடு இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது. வேன்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நான் எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று.