பதினோரு மறியல்

மார்ச் 4, 2025 செவ்வாய்

இன்று முந்நூற்று இருபது ஊர். ஒரு நாளைக்குக் குறைந்தது முந்நூறு முடிக்க வேண்டும் என்பது கணக்கு. போர், துறைமுக வேலைநிறுத்தம், கலவரம் என்று உலகச் செய்தி எல்லாவற்றையும் மென்பொருள் மேய்ந்துவிட்டு, சரக்கு வாங்கும் கம்பெனிகளுக்காக ஊருக்கு ஒரு நிறம் போடும். சிவப்பு விழுந்த ஊரிலிருந்து வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்து ‘சரி’ என்று அழுத்த வேண்டும். அழுத்தினேன்.

வடக்கனந்தலில் உட்கார்ந்துகொண்டு செங்கடலைக் கண்காணிக்கிறேன் என்றால் அம்மா சிரிக்கிறாள். குழாயில் எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை, அதைக் கண்காணி என்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் கேட்டுத் தெருவே காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தது. அம்மா முன்வரிசை. அரை மணி நேரம். அதிகாரி வந்து நாளைக்கு லாரித் தண்ணீர் என்றதும் எழுந்துவிட்டார்கள். மறித்த பஸ்ஸிலேயே ஏறி அம்மா கள்ளக்குறிச்சிக்குப் போய் மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தாள்.

மார்ச் 10, திங்கள்

இருபத்தேழாவது ஊர் கள்ளக்குறிச்சி. சிவப்பு.

கல்வராயன் மலையில் பிடுங்கும் மரவள்ளி, அண்ணன் வேலை பார்க்கும் மாவு மில்லுக்கு வந்து, அங்கிருந்து வெளிநாட்டுப் பசைக் கம்பெனிக்குப் போகிறது. அதனால் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம். சிவப்புக்குக் காரணம்: ‘ஒரே நாளில் பதினோரு சாலை முடக்கம்.’

பதினொன்றா? ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினொன்றிலும் ஒரே போட்டோ. பதினொன்றிலும் அம்மா.

ஒரே செய்தியைப் பதினோரு தளங்கள் போட்டிருக்கின்றன. மென்பொருள் அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. நிறத்தை மாற்றக் காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. இரண்டு வருட வேலையில் இன்றுதான் அதில் எழுதினேன். ஒரு பக்கம்.

மார்ச் 11

மேலாளர் மணிமொழி மேடம் சென்னையிலிருந்து பேசினார். கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். “உங்க ஊருங்க, தர்ஷினி. நீங்க கை வச்சா கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. இந்த ஊரை மட்டும் நம்மள்ல வேற ஆள் பார்ப்பாங்க.”

நியாயம்தான். ஆனா அந்த வேற ஆளுக்கு எங்க அம்மாவத் தெரியுமா?

மார்ச் 12

அந்த வேறு ஆளின் முடிவு இன்னும் வரவில்லை. மணிக்குப் பத்துத் தடவை திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 13

சிவப்பு, உறுதி. பார்த்தவர் எடுத்துக்கொண்ட நேரமும் பக்கத்திலேயே இருக்கிறது — ஒரு நிமிடம் நாற்பது நொடி. நான் எழுதியதைப் படிக்கவே மூன்று நிமிடம் ஆகும். யாரென்றே தெரியாத அந்த ஆளை வாய்விட்டுத் திட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது. அண்ணனை வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றுவிட்டார்கள். மலையிலிருந்து வந்த இரண்டு லோடு கிழங்கைத் திருப்பி அனுப்பினார்களாம். பிடுங்கிய கிழங்கு எத்தனை நாள் தாங்கும்?

காரணத்தைச் சொன்னேன். அம்மா, “நான் குந்திகினு இருந்ததுக்கா? தண்ணிக்கு வேற இன்னா பண்ணச் சொல்ற?” என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். “நீ எத்தினி ஊருக்கு இப்பிடி போட்டுகினு இருக்க?”

மார்ச் 19

என் கணக்கைத் திறந்தேன். ஊருக்கு எடுத்துக்கொண்ட சராசரி நேரம்: ஒரு நிமிடம் பதினைந்து நொடி.

மார்ச் 4 அன்று மட்டும் ஒன்பது சிவப்பு. ஒன்றின் பெயர்கூட நினைவில்லை.

மார்ச் 20, வியாழன்

அந்த ஒன்பதில் முதலாவதைத் திறந்தேன். ஆப்பிரிக்காவில் காப்பி விளையும் ஏதோ ஒரு ஊர். பத்தொன்பது சம்பவம். பதினாறு செய்தியில் ஒரே போட்டோ: பாலத்தின் மேல் கூட்டம், முன்னால் ஒரு பெண், கையில் மஞ்சள் கேன். கேன் காலியா என்று தெரியவில்லை. என்ன நடந்தது என்று கேட்க, அங்கே போன் எடுக்கக்கூடிய ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க மதியம் ஆகிவிட்டது.

மணிமொழி மேடம் மூன்று தடவை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை.

இன்று முடித்த ஊர்: ஒன்று.