உறை போட்ட ஆறு இயந்திரங்கள்

அனுப்புநர்:
மூத்த எழுத்தர், நற்பணிப் பிரிவு,
டயர் தொழிற்சாலை.
வீடு: தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை, கடைசி வீடு.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்,
சுகாதார அலுவலகம், முதல் மாடி.

பொருள்: அரசு மருத்துவமனையில் எங்கள் தொழிற்சாலை அமைத்த டயாலிசிஸ் அறை, திறப்பு விழாவுக்குப் பின் பதினான்கு மாதங்களாகப் பூட்டிக் கிடப்பது – அதற்கு நான் எழுதிய தவறான பதிவும் காரணமாக இருப்பது – அறையைத் திறக்க உடனடி உத்தரவு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக டயர் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தொழிற்சாலை ஊருக்குச் செய்யும் நற்பணிகளைத் தொகுத்து ஆண்டறிக்கை எழுதுவது என் பொறுப்பு. இம்மனுவில் குறை கூறப்படுவோரில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

2. நம் நகரில் பெரிய அளவில் வேலை தருவோர் மூவர்: டயர் தொழிற்சாலை, சிமெண்ட் ஆலை, சர்க்கரை ஆலை. வீட்டுக்கு ஒருவராவது இந்த மூன்றில் ஒன்றில் சம்பளம் வாங்குகிறார். பேருந்து நிலையப் பெஞ்சுகள் சிமெண்ட் ஆலை கொடுத்தவை. பெண்கள் பள்ளியின் கழிப்பறைகள் சர்க்கரை ஆலை கட்டியவை. எங்கள் பெயர் குடிநீர்த் தொட்டியிலும், பூங்கா ஊஞ்சலிலும், போக்குவரத்துக் காவலரின் குடையிலும் இருக்கிறது. நன்றி மறந்து இதை எழுதவில்லை. அந்தக் கழிப்பறைகள் வந்த பிறகு பெரிய வகுப்புப் பெண்கள் படிப்பை நிறுத்துவது குறைந்தது என்று தலைமை ஆசிரியை என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் மூவருக்கும் இடையே ஒரு போட்டி உண்டு. ஆண்டு முடிவில் மூன்று அறிக்கைகளும் நகர மன்றத்து மேசையில் பக்கம் பக்கமாக வைக்கப்படும். வருகிறவர்கள் படிப்பதில்லை, கையில் தூக்கிப் பார்த்து, எது கனமாக இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள்.

3. அறை திறந்த அந்த ஆண்டில் எங்கள் பெரிய பணி அதுதான். மருத்துவமனையின் பழைய மருந்துக் கிடங்கைச் சுத்தம் செய்து, ஆறு இயந்திரங்களும் ஆறு கட்டில்களும் போட்டோம். இயந்திரங்களுக்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். சுத்திகரிக்கும் கருவி வந்துவிட்டது. தொட்டியிலிருந்து அதற்கு வரவேண்டிய நாற்பது அடிக் குழாய் மட்டும் வரவில்லை. விழாத் தேதியை மாற்ற முடியாததால் குழாய் இல்லாமலே திறந்தோம். புகைப்படத்துக்காகக் கட்டிலில் படுத்திருந்தவர் நோயாளி அல்லர். எங்கள் கிடங்குக் காப்பாளர். “சிரிக்காம படுங்க சார், உங்களுக்கு உடம்பு சரியில்ல” என்று புகைப்படக்காரர் இரண்டு முறை அதட்ட வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். தாங்களும் அன்று வந்திருந்தீர்கள். படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறீர்கள்.

4. எங்கள் அறிக்கைப் படிவத்தில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே இரண்டே கட்டங்கள்: ‘நடைபெறுகிறது’, ‘முடிந்தது’. அச்சகத்து ஆள் வாசலில் காத்திருந்தார். பிரிவுத் தலைவர் என் மேசைக்கு வந்து, “ஏம்மா, குழாய் இழுக்குறது ஒரு நாள் வேலை. புக்கு வெளிய வர்றதுக்குள்ள ஆயிடும். முடிஞ்சதுன்னே போட்டுருங்க” என்றார். நான் போட்டேன். அவர் வற்புறுத்தினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நான் எழுதும் பக்கம் மற்ற இரண்டு ஆலைகளின் பக்கங்களைவிட எடுப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

5. அதன் பின் நடந்தவை: ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய தலைமை மருத்துவர் அதே வாரம் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், இயந்திரங்கள் தம் சரக்குப் பதிவேட்டில் இல்லை, தண்ணீர் இணைப்பும் இல்லை, இந்த நிலையில் கையெழுத்திட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். எங்கள் அலுவலகமோ, முடிந்ததாக அச்சிட்ட பணியை மீண்டும் தொடங்கினால் அறிக்கை பொய் என்று ஆகிவிடும், ஆகவே குழாய் இழுக்க முடியாது என்றது. அதற்கு ஆதாரமாக எனக்குக் காட்டப்பட்டது பதினேழாம் பக்கம். நான் எழுதிய பக்கம். குழாய்க்காக ஒன்பது முறை குறிப்பு வைத்தேன். ஒன்பதும் “ஏற்கெனவே முடிந்தது” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தன. இதற்கிடையில் அறை வாசலில் உள்ள பெயர்ப்பலகையை மட்டும் எங்கள் காவலாளி வாரம் தவறாமல் துடைத்துவிட்டுப் போகிறார்.

6. இனி என் தங்கையைப் பற்றி எழுத வேண்டும். அவள் தையல்காரி. என்னுடன்தான் இருக்கிறாள். தொழிலாளர் சீருடைகள் பாதிக்கு மேல் அவள் கையால் தைத்தவை. அறை பூட்டப்பட்ட பிறகு இயந்திரங்களில் தூசி படியக் கூடாது என்று, மீந்த சீருடைத் துணியில் உறை தைத்துத் தரும்படி அவளைக் கேட்டேன். டேப்போடு வந்து ஒவ்வோர் இயந்திரத்தையும் அளந்தாள். “என்னக்கா இது, இடுப்பே இல்லாத ஆளுக்குச் சட்டை தைக்கச் சொல்ற” என்றாள். ஆறு உறைகளும் கச்சிதமாகப் பொருந்தின. அவற்றை மாட்டிப் பூட்டியவள் நான்.

7. எட்டு மாதங்களுக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதாகத் தெரிந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். அருகில் உள்ள இடம் பெரிய நகரம். பேருந்தில் போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம், இடையில் நான்கு மணி நேரம் கட்டிலில். உடம்பு தாங்காமல் மூன்றை இரண்டாக்கினாள். புதனும் சனியும் போகிறாள். “வாரத்துக்கு ரெண்டு தடவை போறீங்களே, அங்க சொந்தக்காரங்களா?” என்று நடத்துநர் கேட்டாராம். “ஆமாங்க, ஒரே ஒரு மிஷின் சொந்தம்” என்றாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள்.

8. காலையில் எழுந்ததும், நீர் கோத்து வீங்கும் தன் கணுக்காலை டேப்பால் அளந்து, துணி வெட்டும் மேசையின் விளிம்பில் சாக்குக்கட்டியால் எழுதுகிறாள். எட்டு மாதங்களுக்கு முன் இருபத்தொரு சென்டிமீட்டர். இன்று காலை இருபத்தாறரை. அளவு மீறக் கூடாது என்பதால், தண்ணீரை நூல்கண்டு டப்பா மூடியில் ஊற்றிக் குடிக்கிறாள். போன சனிக்கிழமை திரும்பும் வழியில் பேருந்திலேயே மயங்கினாள். வீடு வந்து சேர்ந்ததும், “வர்ற வாரம் போறேன். அதுக்கப்புறம் என்னால முடியாதுக்கா, கூப்பிடாத” என்றாள். போவதை நிறுத்தினால் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் எழுதித் தந்தது இணைப்பில் உள்ளது. அதை இங்கே எழுத என் கை வரவில்லை.

9. அந்த அறை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். பதினேழாம் பக்கத்தைக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே படித்துப் பார்த்து, “நீ முடிஞ்சதுன்னு எழுதினது அறையைத்தானே, என்னை இல்லையே?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

10. அவள் ஒருத்திக்காக மட்டும் கேட்கவில்லை. அதே பேருந்தில் நம் ஊரிலிருந்து இன்னும் பதினொரு பேர் போகிறார்கள். மூவர் எங்கள் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள். டயாலிசிஸ் பயிற்சி பெற்ற இரண்டு செவிலியர்கள் இதே மருத்துவமனையில் ஊசி போடும் பிரிவில் இருக்கிறார்கள். இயந்திரங்களை விற்ற நிறுவனத்தின் பழுதுபார்ப்பவரிடம் தொலைபேசியில் கேட்டேன். குழாய்க்கு ஒரு நாள், கழுவிச் சோதிக்க நான்கு நாள் போதும் என்றார். இன்னும் சில மாதம் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய்கள் வெடித்துவிடும் என்றும் சொன்னார். சும்மா கிடக்கும் ரப்பர் என்ன ஆகும் என்று எங்கள் தொழிற்சாலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

11. ஆகவே தங்களிடம் மன்றாடிக் கேட்பது: அந்த இயந்திரங்களை மருத்துவமனைப் பதிவேட்டில் ஏற்றும்படி தலைமை மருத்துவருக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். குழாய் இணைப்பை மருத்துவமனையின் பராமரிப்புப் பணியாளர்களைக் கொண்டே செய்ய அனுமதி தர வேண்டும். அறிக்கை பொய்யாகிவிடும் என்று யாரேனும் தடை சொன்னால் இம்மனுவைக் காட்டலாம். பதினேழாம் பக்கத்தில் உள்ளது உண்மையல்ல. எழுதியவளே அதை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அதனால் என் வேலைக்கு என்ன வந்தாலும் ஏற்கிறேன்.

12. அந்த அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று தொழிற்சாலைப் பாதுகாப்பு அறையில் இருக்கிறது. மற்றொன்று என் பொறுப்பில், என் மேசை இழுப்பறையில் இருந்தது. பதினான்கு மாதங்களாகப் பேனா எடுக்கும்போதெல்லாம் விரலில் தட்டுப்பட்டது. நானே போய்த் திறந்துவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். திறந்து என்ன செய்வேன்? தண்ணீர் இல்லாத இயந்திரத்தின் முன் அவளை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவா? சாவி வேண்டியது தங்கள் கைக்கு. இத்துடன் அனுப்பியுள்ளேன். சாவியில் கட்டியிருக்கும் நீலத் துணி அவள் தைத்தது. அறை எண் அதில் நூலால் போட்டிருக்கிறது.

13. சாவி வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை எதுவும் வேண்டாம். இந்தப் புதனும் சனியும் அவளை எப்படியாவது பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். அதற்கடுத்த புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு, அவளை நடத்தியே அழைத்துக்கொண்டு அந்த அறை வாசலுக்கு வருகிறேன். கதவு திறந்திருக்க வேண்டும், ஐயா.

இணைப்பு:
அறிக்கையின் பதினேழாம் பக்கம் – நகல்
திறப்பு விழாப் புகைப்படம்
குழாய்க்காக வைத்த குறிப்புகள் – ஒன்பது
மருத்துவரின் கடிதம்
சாவி – ஒன்று

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மூத்த எழுத்தர், நற்பணிப் பிரிவு;
நோயாளியின் அக்கா.