நெடுவில்காரிக்கு ஒரு கொம்பவுண்ட்காரி எழுதுவது

நேற்று மதியம் உன் அண்ணன் பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கி, உன் பழைய சேலையில் சுற்றிய நீளமான ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னுச்சு," என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிட்டார். சேலையை அவிழ்த்தால் உன் வில், அறை முழுக்கத் தேன்மெழுகு வாசம். நாணுக்கு மெழுகு தேய்த்துத் தேய்த்து உன் விரல்களில் எப்போதும் இருந்த வாசம். நீ போய் ஐந்து மாதமாகிறது. இருக்கும்போது உனக்குச் சரியாகச் சொல்லாமல் விட்ட நன்றி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீ விளையாட்டு டீச்சர், நான் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் பனி விலகியதும் மைதானத்தின் மேல் முனையில் இலக்கு அட்டையை நட்டுவிட்டு இரண்டு பேரும் சண்டையை ஆரம்பிப்போம். யாருடைய வில் நல்ல வில் என்ற சண்டை. உன்னுடையது நெடுவில். நிறுத்தி வைத்தால் உன் உயரம் இருக்கும். குறிபார்க்கும் கருவி கிடையாது, அம்பை வைக்கத் தாங்கி கிடையாது. வில்லைப் பிடித்த கையின் முட்டி மேலேயே அம்பு உட்கார வேண்டும். என் அம்புகளின் பிளாஸ்டிக் வால் உன் கையைக் கீறிவிடும் என்பதால் நீ இறகு ஒட்டிய அம்புகளைத்தான் வைத்திருந்தாய். என்னுடையது ரீகர்வ். நுனிகள் இரண்டும் முன்பக்கமாகத் திரும்பி வளைந்திருக்கும். குட்டையாக இருந்தாலும் அம்பை வேகமாகத் தள்ளும். "உனக்குக் குறிபார்க்க ஒரு கம்பி, ஆடாம நிக்க ஒரு கம்பி. எனக்குக் கண்ணு மட்டும் போதும்டி," என்பாய்.

கொம்பவுண்ட் வில்லை மட்டும் நீ வில் என்றே ஒத்துக்கொண்டதில்லை. இரண்டு நுனியிலும் சக்கரம், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வடங்கள். "அது சைக்கிள் கடையில செஞ்சது," என்று சொல்லி நீயே சிரிப்பாய்.

அப்புத்தளைக்கு மேலே எங்கள் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் அம்மா மாடு வளர்த்தார். ஒரு விடுமுறையில், மாட்டுக்குப் புல் வெட்டும் மெசினில் என் வலது கை சிக்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. நாண் இழுக்கும் விரல்கள். கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடிக்கும் விரல்களும் அவைதான். பதுளை ஆஸ்பத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து எல்லாரும் வந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். நீ ஒரே ஒரு தடவை வந்தாய். கட்டுப் போட்ட கையை உற்றுப் பார்த்தாய். அப்படியே போய்விட்டாய். பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக உன்னைக் காணவில்லை. போன் எடுத்தாலும் "வேல இருக்குடி" என்று வைத்துவிடுவாய்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. லயத்தில் படுத்துக்கொண்டு அம்மாவிடம், "அந்த வில்ல யாருக்காவது குடுத்துருங்க. வேலையையும் விட்டுறப் போறேன். அவளும் இனி வரமாட்டா," என்றேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். பஸ் போகாத அந்தக் கடைசி ஏற்றத்தில் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைச் சுமந்து ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றாய். திறந்து பார்த்தால் கொம்பவுண்ட் வில். முன்பு உன்னோடு பயிற்சி எடுத்த ஒருவரிடம் கொழும்புக்கே போய் இரவல் வாங்கி வந்திருந்தாய்.

"இது எனக்கு எதுக்குடி? உனக்கே புடிக்காது."

"எனக்குப் புடிக்காட்டி என்னா? புடிக்கப் போறது நீதானே."

அப்போதுதான் உன் வலது கையைக் கவனித்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடித்து பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தாய். பிளாஸ்டரின் ஓரமெல்லாம் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"என்னாடி இது?"

"பின்ன எப்படித் தெரிஞ்சுக்கிறதாம்?" என்றாய். "மொதல்ல என் வில்லத்தான் இழுத்துப் பார்த்தேன். முழுசா இழுத்தா முழுப் பாரமும் விரலுலதான் நிக்குது. மிச்சம் இருக்கிற ரெண்டு விரலு தாங்கல. உன்னோடதும் அதே கததான். இது மட்டுந்தான் கடைசியில பாரத்த விட்டுக்குடுக்குது. இழுக்கிறதும் விரலு இல்ல, மணிக்கட்டு."

மணிக்கட்டில் கட்டும் பட்டை, அதில் நாணைக் கவ்வும் ஒரு கொக்கி, கொக்கியை விடுவிக்க ஒரு விசை. விசையை எல்லாரும் ஆள்காட்டி விரலால்தான் தட்டுவார்கள். மோதிர விரலுக்கு எட்டும்படி நீ அந்தப் பட்டையைச் சாய்த்துத் தைத்திருந்தாய்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய சாக்குகளைத் திணித்த மூட்டையை நிறுத்தினோம். இழுத்தேன். பாதி வழியில் இனி முடியாது என்கிற அளவுக்குக் கனத்தது. பிறகு சக்கரங்கள் உருண்டன. பாரத்தில் பெரும்பங்கு திடீரென்று காணாமல் போனது. வில் முழுதாக வளைந்திருக்க, நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அம்பு மூட்டையின் ஓரத்தில் பட்டது. அம்மா கொட்டகை வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீ எதையும் பார்க்காதவள் போல அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, "ரெண்டாவது," என்று நீட்டினாய்.

அன்று வெண்கட்டி பிடிக்கவும் காட்டித் தந்தாய். அதையும் அந்தக் கட்டிய விரல்களோடு கரும்பலகையில் எழுதிப் பார்த்திருந்தாய். அடுத்த தவணைக்கு நான் வகுப்புக்குப் போனேன்.

சில வருடம் கழித்து நோய் உனக்கு வந்தது. மருந்து ஏற்றி ஏற்றி, உன் நெடுவில்லுக்கு நாண் பூட்டக்கூட உன் கையில் பலமில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் உன் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அந்த சைக்கிள ஒரு தடவ கொண்டு வாடி," என்றாய். அதன் இறுக்கத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக் கொண்டு வந்தேன். தேயிலைக் காட்டோரத்தில் உன் அண்ணன் உன்னைப் பிடித்துக்கொள்ள, நீ இழுத்தாய். சக்கரம் உருண்டதும் உன் முகம் மாறியது.

"இவ்வளவு லேசா? பாவி, அன்னைக்குக் கட்டுன விரலோட இழுத்தப்ப இது தெரியவே இல்லியே!"

அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். விடவே உனக்கு மனம் வரவில்லை. அது நீ எய்த கடைசி அம்பு.

உன்னிடம் இருந்து எடுத்துக்கொண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். விரல் போனவர்கள் யாராவது வார்டுக்கு வந்தால் பதுளை ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ் ஒருவர் எனக்குப் போன் போடுவார். போன மாதம் ஒரு பெண், கொழுந்து எடுப்பவள். இடது கட்டைவிரல் இல்லை. "இனி நான் என்னாத்துக்கு டீச்சர்?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். லயத்துக்குப் போய், இடது கட்டைவிரலை மடித்துக் கட்டிக்கொண்டு, கங்காணியிடம் கேட்டு மூன்று நாள் தேயிலை மலையில் நின்றேன். இரண்டு விரல் இடுக்கில் கொழுந்தைக் கவ்வி ஒடிக்கலாம். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

நான் எடுத்த கொழுந்தை ஒரு பையில் போட்டு அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டுப் போடாத கையால் கிளறிப் பார்த்தாள்.

"என்னா டீச்சர், பூரா முத்தல் எலையா இருக்கு," என்றாள். "குடுங்க, எப்படிப் புடிச்சீங்கன்னு காட்டுங்க."